காலேஜ்ல வென்டிங் மிஷின் வைக்கச் சொல்றாங்க, கம்பெனிக்காரர் சொல்ற கணக்க நம்பலாமா?

லேப்_இன்சார்ஜ்

வணக்கம் எல்லாருக்கும். ஈரோடு பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல லேப் இன்சார்ஜா இருக்கேன், அதோட கேன்டீன் கமிட்டி பஸ் கமிட்டின்னு ஆள் கிடைக்காத கமிட்டி எல்லாத்துலயும் என் பேரத்தான் எழுதி வச்சிருப்பாங்க. எங்க சேர்மன் வேற ஒரு காலேஜ் ஃபங்ஷனுக்குப் போன இடத்துல கண்ணாடி வச்ச மிஷின பாத்துட்டு வந்துட்டாரு, ஸ்கேன் பண்ணா சிப்ஸ் தானா விழுது, நம்ம கேம்பஸ்லயும் வேணும், அடுத்த செமஸ்டர் ஆரம்பிக்கறதுக்குள்ள வச்சாகணும்னு உத்தரவு.

ரெண்டு கம்பெனி கிட்ட பேசியாச்சு. ஒருத்தங்க மிஷின் அவங்களே கொண்டு வந்து வச்சு அவங்களே சரக்கு போட்டுக்கறாங்களாம், விக்கறதுல 5 பர்சென்ட் காலேஜுக்கு, இடமும் கரன்ட்டும் நாம ஃப்ரீயா குடுக்கணும், 3 வருஷ அக்ரிமென்ட். இன்னொருத்தர் மிஷின விலைக்கே வாங்கிக்கோங்க, ரெண்டேகால் லட்சம் ப்ளஸ் ஜிஎஸ்டி, சரக்கு நீங்களே போட்டுக்கோங்க லாபம் பூரா உங்களுக்குங்கறாரு. ஒரு நாளைக்கு 300 பாக்கெட் அசால்ட்டா போகும்னு எக்செல் ஷீட் வேற போட்டுக் காட்டினாரு.

எங்க நிலவரம் இதுதான். மொத்தம் 2,200 பசங்க, அதுல ஹாஸ்டல்ல 700 பேர் கிட்ட. கேன்டீன் சாயந்தரம் அஞ்சரைக்கு மூடிடும். காலைல பிரேக் 15 நிமிஷம், மத்தியானம் 10 நிமிஷம். கூட்டம் கேன்டீன்லதான இருக்கும், அதனால மிஷினையும் கேன்டீன் வாசல்லயே வைங்கன்னு பிரின்சிபால் சொல்றாரு. சரியா வருமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, விக்க வந்தவர் பேச்ச மட்டும் கேட்டு கையெழுத்து போட பயமா இருக்கு.

ஸ்பிரிங்_சுத்தறவன்

சார் வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல சின்ன அளவுல மிஷின் ஓட்டறவன், காலேஜ், ஆஸ்பத்திரி, ஒரு மில்லு இப்படி. மொதல்ல அந்த 300 பாக்கெட் கதைய பாத்துருவோம். ஒரு பையன் மிஷின் முன்னாடி வந்து நின்னு, கண்ணாடிக்குள்ள எது வேணும்னு பாத்து, நம்பர் அமுத்தி, க்யூஆர் வந்து, ஸ்கேன் பண்ணி, பின் போட்டு, பாக்கெட்ட பிடிச்சிருக்கற ஸ்பிரிங் சுத்தி, பாக்கெட் விழுந்து, குனிஞ்சு எடுக்கறதுக்கு எப்படியும் 25 செகண்ட் ஆகுமுங்க. அதுவும் எல்லாம் ஒழுங்கா நடந்தா. 15 நிமிஷ பிரேக்ல நடு நடுவுல எவனும் யோசிச்சுட்டு நிக்காம வரிசையா வாங்கினாலே 36 பேருதான் வாங்க முடியும். அதே 15 நிமிஷத்துல உங்க கேன்டீன்ல இருக்கற ஆளு ஒரு கைல பஃப்ஸ் எடுத்துக் குடுத்துக்கிட்டே இன்னொரு கைல சில்லறை வாங்கி எத்தன பேர அனுப்புவாருன்னு போய் நின்னு பாருங்க. கூட்டம் இருக்கற இடத்துல மிஷின் வச்சா கூட்டத்துக்கும் பத்தாது, மிஷினுக்கும் பேரு கெட்டுப் போகும். கடை மூடின இடத்துலதாங்க மிஷினுக்கு வேலை. அதாவது ஹாஸ்டல், ராத்திரி பூரா திறந்திருக்கற ரீடிங் ரூம், மெயின் பிளாக்ல இருந்து தூரமா இருக்கற லேப் பில்டிங்.

ரெண்டாவது, லாபம் பூரா உங்களுக்குன்னு சொன்னாரே, அது எவ்வளவுன்னு சொன்னாரா? எம்ஆர்பிக்கு மேல ஒரு பைசா வாங்கக்கூடாதுங்க, எடை, அளவு, எம்ஆர்பி எல்லாம் செக் பண்ற லீகல் மெட்ராலஜி ஆளுங்க வந்தா மிஷின் வச்சவன் மேலதான் கேஸ். கரன்ட் செலவு, ஆள் செலவு எல்லாம் எம்ஆர்பிக்குள்ள கிடைக்கற மார்ஜின்லதான் வரணும். பெரிய கம்பெனி பிஸ்கட்டு சிப்ஸுல டீலர் கிட்ட எடுத்தா 10, மிஞ்சிப் போனா 15 பர்சென்ட். ஒரு ஸ்பிரிங்ல 8ல இருந்து 10 பாக்கெட் நிக்கும். அஞ்சு ரூபா பிஸ்கட்ட ஒரு ஸ்பிரிங் பூரா அடுக்கி அத்தனையும் வித்தா உங்களுக்கு நிக்கறது அஞ்சு ரூபா, அத அடுக்க வந்தவனோட பெட்ரோலுக்கே காணாது. அதனால எங்க ஆளுங்க 20 ரூபாய்க்கு கீழ இருக்கறத முடிஞ்சவரைக்கும் ஏத்த மாட்டோம். பசங்களுக்கு வேணுங்கறது அஞ்சும் பத்தும்தான், அங்கதான் இடிக்கும். 2025 செப்டம்பர்ல பிஸ்கட், சாக்லேட்டுக்கு எல்லாம் ஜிஎஸ்டி 5 பர்சென்ட் ஆனப்ப சில பாக்கெட் விலை 4.45 மாதிரி சில்லறையா வந்துச்சு பாருங்க, அப்ப காயின் மிஷின் வச்சிருந்தவங்க பாடு இன்னும் கஷ்டம்.

எதுக்கும் அந்த 5 பர்சென்ட் தர்றேன்னு சொன்னவர் கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, மார்ஜினே பத்துன்னா பாதிய எங்களுக்குக் குடுத்துட்டு நீங்க எப்படி ஓட்டுவீங்கன்னு. மிஷின் மேல இருக்கற ஸ்க்ரீன்ல விளம்பரம் ஓடும், அதுலதான் அவங்களுக்கு காசுன்னு பதில் வரும். அப்ப உங்க பசங்க முன்னாடி என்ன விளம்பரம் ஓடலாம், என்ன ஓடக்கூடாதுன்னு அக்ரிமென்ட்ல எழுதி வாங்கிருங்க.

மூணாவது_மாடி_ஜன்னல்

நான் ஃபைனல் இயர், திருச்சி பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன். அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு, ஆனா ஹாஸ்டல்னு பொதுவா சொல்லாதீங்க, கேர்ள்ஸ் ஹாஸ்டல்னு சொல்லுங்க. பாய்ஸ் ராத்திரி பதினோரு மணிக்குக் கூட கேட் அண்ணனுக்கு ஒரு வணக்கம் வச்சுட்டு ரோட்டுக் கடைக்கு போய் பரோட்டா தின்னுட்டு வந்துருவாங்க. எங்களுக்கு ஆறரைக்கு கேட் பூட்டு. ஏழரைக்கு மெஸ்ல சாப்பாடு, அன்னைக்கு சேமியா உப்புமான்னா பாதி பேரு தட்டோட திரும்பி வருவாங்க, அதுக்கப்புறம் காலைல ஏழு மணி வரைக்கும் பச்சத் தண்ணிதான். எங்க ஹாஸ்டல்ல மிஷின் வந்ததுக்கு அப்புறம் இன்டர்னல் எக்ஸாம் சமயத்துல பத்து மணிக்கு மேல அது முன்னாடி க்யூ நிக்கும், ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஊருக்குப் போனவங்க பலகாரத்தோட திரும்பி வந்தா அன்னைக்கு ஈ கூட வராது. சரக்கு போடற அண்ணன் இதத் தெரிஞ்சுக்கிட்டு வெள்ளிக்கிழமைலயும் திங்கக்கிழமைலயும் கம்மியா போட ஆரம்பிச்சாரு.

என்ன போகும்னா சிப்ஸ் எல்லாம் ரெண்டாவதுதான். கடலை, கேக் பாக்கெட், ஃப்ளேவர்ட் மில்க், கப் நூடுல்ஸ், கப் நூடுல்ஸ் வச்சீங்கன்னா பக்கத்துல சுடுதண்ணி கிடைக்கணும், இல்லன்னா கெட்டில் ஒளிச்சு வச்சிருக்கற ரூமுக்கு படை எடுப்பாங்க, அப்புறம் வார்டன் ரெய்டு வருவாங்க. இன்னொண்ணு யாரும் யோசிக்க மாட்டேங்கறாங்க, எக்ஸாம் அன்னைக்கு காலைல பிளாக் பேனா, பென்சில், கிராஃப் ஷீட் இதெல்லாம் ஒரு தட்டுல போட்டு வைங்க சார், பிச்சுக்கிட்டு போகும்.

முக்கியமா நாப்கின். எங்க அகாடமிக் பிளாக்ல சுவத்துல ஒரு நாப்கின் மிஷின் தொங்குது, அஞ்சு ரூபா காயின் போடற மாதிரி. இப்ப யாரு சார் கைல காயின் வச்சிருக்கா? அப்படியே இருந்தாலும் உள்ள சரக்கு இருக்காது, சாவி ஆபீஸ் அட்டெண்டர் அண்ணன் கிட்ட, அவர் கிட்ட போய் கேக்க எந்தப் பொண்ணு போவா? காலேஜுக்கு கிரேடு போடற நாக் டீம் வர்றதுக்கு முந்தின நாள் மட்டும் ஃபுல்லா இருக்கும். நீங்க எந்த மிஷின் வாங்கினாலும் வாங்குங்க, ஹாஸ்டல்ல வைக்கற ஸ்நாக்ஸ் மிஷின்லயே கீழ் ரோவுல ரெண்டு ஸ்பிரிங் பேடுக்கு ஒதுக்குங்க. நாப்கினுக்கு 2018ல இருந்து ஜிஎஸ்டியே கிடையாது, அதனால லாபம் இல்லன்னு சாக்கு சொல்ல வேண்டாம். சாவி லேடி ஸ்டாஃப் கிட்ட இருக்கட்டும்.

கேன்டீன்_வீட்டு_பையன்

எல்லாரும் மிஷினுக்கு மாலை போடறீங்க, எதிர் பக்கமும் ஒருத்தன் பேசறேன். எங்க அப்பா ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தறாரு. டெண்டர் எடுக்கும்போதே கேம்பஸுக்குள்ள வேற யாரும் தின்பண்டம் விக்கக்கூடாதுன்னு ஒரு லைன் இருக்கும், அத நம்பித்தான் டெபாசிட்டும் வாடகையும் கட்டறோம். நடுவுல ஒரு நாள் மிஷின் வந்து நின்னா நாங்க எங்க போறது? லேப்_இன்சார்ஜ் சார், உங்க கேன்டீன் அக்ரிமென்ட்ட எடுத்து முதல்ல படிங்க. அந்த லைன் இருந்தா கான்ட்ராக்டர கூப்பிட்டு பேசிட்டு செய்யுங்க, இல்லன்னா வாடகைய குறைன்னு வந்து நிப்பாரு, கேட்டா நியாயமும் அவர் பக்கம்தான்.

அப்புறம் மிஷின் கடன் குடுக்காது. எங்க கடைல ஒரு நோட்டு இருக்கு, மாசக் கடைசில பாதி டிபார்ட்மென்ட் பேரு அதுல இருக்கும். வீட்ல இருந்து காசு வந்ததும் வந்து கட்டிட்டு பேர அடிச்சுட்டு போவாங்க. சாப்பிடாம வந்த பையன் மூஞ்சியப் பாத்தே ரெண்டு இட்லி வச்சுக் குடுக்கறது மிஷினுக்குத் தெரியாது. உங்க மிஷின்ல கிடைக்கறது பூரா பாக்கெட்ல அடைச்ச உப்பும் எண்ணெயும் சக்கரையும். காலேஜ்ல ஜங்க் ஃபுட் விக்காதீங்கன்னு யூஜிசி 2016லயே சர்க்குலர் அனுப்பிச்சு, 2018ல திரும்பவும் ஞாபகப்படுத்திச்சு. பிரின்சிபால் டேபிள்ல எங்கயாவது கீழ கிடக்கும், தேடிப் பாக்கச் சொல்லுங்க.

ஸ்பிரிங்_சுத்தறவன்

தம்பி சொல்றதுல தப்பில்லைங்க, அக்ரிமென்ட் விஷயம் நான் விட்டுட்டேன், அது முக்கியம். பல இடத்துல கேன்டீன்காரரையே மிஷினுக்கு சரக்கு போடற ஆளா சேத்துக்குவோம், அவருக்கு ஏற்கனவே டீலர் கணக்கு இருக்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர், அதாவது உணவு விக்கற லைசன்ஸ் நம்பர் இருக்கும், ஆளும் கேம்பஸ்லயே இருப்பாரு. சண்டையும் வராது.

டாஸ்மாக்_தள்ளியிரு

2022ல கோயம்பேட்டுல பத்து ரூபா போட்டா மஞ்சப்பை வர்ற மிஷின் வச்சாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. 2023ல அதே கோயம்பேட்டுல ஒரு மால்ல இருக்கற டாஸ்மாக் கடைக்குள்ள மது பாட்டில் வர்ற 'சரக்கு' மிஷின் வச்சாங்க, ஊரே கொதிச்சுச்சு. சார் உங்க சேர்மன் எந்த மிஷின பாத்துட்டு வந்தாருன்னு நல்லா விசாரிச்சுக்கோங்க 😂

லேப்_இன்சார்ஜ்

😂 எங்க சேர்மன் மோர் கூட ரெண்டு தடவ யோசிச்சுட்டுதான் குடிப்பாரு.

எல்லாருக்கும் நன்றி. கேன்டீன் அக்ரிமென்ட்ட இன்னைக்கு ஆபீஸ்ல எடுத்துப் பாத்தேன், தம்பி சொன்ன லைன் அப்படியே இருக்கு, ஹாஸ்டல் மட்டும் அதுல வரல. அதனால ஹாஸ்டல்னு வச்சுக்குவோம். இன்னும் ரெண்டு சந்தேகம். எங்க அகாடமிக் பிளாக்ல பசங்க போன் கொண்டு வரக்கூடாது, பிடிச்சா பேரன்ட்ஸ் வந்துதான் வாங்கிட்டு போகணும். ஹாஸ்டல்ல போன் உண்டு. யூபிஐ மட்டும் இருக்கற மிஷின் போதுமா, இல்ல ஐடி கார்டுல ரீசார்ஜ் பண்ற மாதிரி வாங்கணுமா? அப்புறம் காசு போய் பாக்கெட் விழலன்னா யாரு பொறுப்பு? பசங்க என் சட்டையத்தான் பிடிப்பாங்க.

போர்டு_மாத்தறவன்

இது என் ஏரியா. சர்வீஸ் பாக்கறவன், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க.

காசு போய் பாக்கெட் விழாததுல ரெண்டு கேஸ் இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஒண்ணு, பையன் அக்கவுண்ட்ல இருந்து காசு போயிருக்கும், கம்பெனி அக்கவுண்டுக்கு வந்து சேந்திருக்காது. அதுக்கு 2019ல ரிசர்வ் பேங்க் போட்ட சர்க்குலர் இருக்கு, 5 நாளுக்குள்ள தானா திரும்பி வரணும், அதுக்கு மேல லேட்டானா நாளுக்கு 100 ரூபா பேங்க்தான் தரணும். ரெண்டாவது கேஸ்தான் நிறைய நடக்கும், காசு கம்பெனிக்குப் போயிடுச்சு, ஆனா பாக்கெட் வரல. இதுக்கு அந்த சர்க்குலர் ஒண்ணும் பண்ணாது, பேங்க பொறுத்தவரைக்கும் வியாபாரம் முடிஞ்சு போச்சு. கம்பெனி ரீஃபண்ட் போட்டாத்தான் உண்டு.

அதனால மிஷின் வாங்கறப்ப டிராப் சென்சார் இருக்கான்னு கேளுங்க. கீழ பாக்கெட் விழற இடத்துல ரெண்டு பக்கமும் இன்ஃப்ராரெட் ஓடும், பாக்கெட் குறுக்க விழுந்தாத்தான் வித்ததா கணக்கு. விழலன்னா ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் சுத்திப் பாக்கும், அப்பவும் விழலன்னா ரீஃபண்டுக்கு தானா மெசேஜ் போகும். இது இல்லாத மிஷின் மோட்டார் சுத்தினா போதும் வித்தாச்சுன்னு கணக்கு எழுதிக்கும். விலை கம்மியா குடுக்கற ஆளுங்க முதல்ல இதத்தான் கழட்டுவாங்க. டெமோ காட்டும்போது நீங்களே ஒரு ஸ்பிரிங்க காலியா விட்டுட்டு அந்த நம்பர் அமுத்தி காசு கட்டிப் பாருங்க, காசு திரும்பி வருதான்னு தெரிஞ்சுரும்.

அடுத்தது சிக்னல். மிஷினுக்குள்ள ஒரு சிம் இருக்கும், காசு வந்துடுச்சுன்னு சர்வர்ல இருந்து அதுக்குத் தகவல் வந்தாத்தான் ஸ்பிரிங் சுத்தும். ஹாஸ்டல் கீழ் தளத்துல படிக்கட்டுக்கு அடில ஒரு மூலை இருக்கும், சும்மா கிடக்குதேன்னு எல்லாரும் அங்கதான் மிஷின வைப்பாங்க, அங்க ஒரு கோடு சிக்னல் கூட இருக்காது. பையன் போன்ல பச்சை டிக் வந்துரும், மிஷின் மட்டும் இன்னும் க்யூஆர காட்டிக்கிட்டே நிக்கும், அவன் எட்டி உதைப்பான். இடம் முடிவு பண்றதுக்கு முன்னாடி எந்த சிம் போடறாங்கன்னு கேட்டு, அதே நெட்வொர்க் போன் ஒண்ணு எடுத்துட்டு போய் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்க நின்னு பாருங்க, எல்லாரும் ரீல்ஸ் பாக்கற நேரம் அதுதான்.

போன் உள்ள ஹாஸ்டலுக்கு யூபிஐ போதும், யூபிஐ லைட் வச்சிருக்கற பசங்களுக்கு பின் கூட போட வேண்டாம், க்யூ சீக்கிரம் நகரும். ஐடி கார்டு சிஸ்டம் போட்டா ரீசார்ஜ் பண்ண ஒரு கவுன்டர், ஒரு ஆள், கார்டு தொலைச்சவனுக்கு பேலன்ஸ் மாத்திக் குடுக்கறதுன்னு உங்களுக்குத் தனி வேலை.

மூணாவது_மாடி_ஜன்னல்

ஐடி கார்டு வேணவே வேணாம் சார். யாரு எத்தன மணிக்கு என்ன வாங்கினான்னு வார்டன் கம்ப்யூட்டர்ல லிஸ்ட் வரும், அப்புறம் பேடு வாங்கினது வரைக்கும் அதுல நிக்கும்.

போர்டு_மாத்தறவன்

அதுவும் கரெக்ட். இன்னும் கொஞ்சம் சொல்லிடறேன். பாக்கெட் தொங்கறது பாதி நேரம் மிஷின் தப்பே இல்ல, அடுக்கினவன் தப்பு. ஸ்பிரிங் ரெண்டு சுத்துக்கு நடுவுல இருக்கற இடைவெளியும் பாக்கெட்டோட தடிமனும் பொருந்தணும். காத்தடைச்ச சிப்ஸ் பாக்கெட்ட நெருக்கமான ஸ்பிரிங்ல திணிச்சா மேல் ஓரம் கம்பில மாட்டிக்கிட்டு தலைகீழா தொங்கும், அடுத்த பையன் காசு போட்டா ரெண்டும் சேந்து விழும், முதல் பையன் அவன் கூட சண்டைக்குப் போவான். அந்தந்த பாக்கெட்டுக்கு அகலமான ஸ்பிரிங் மாத்திக்கலாம், கம்பெனிகிட்ட ரெண்டு மூணு சைஸ் கேட்டு வாங்கி வைங்க. ஸ்பிரிங்கோட முன் நுனி எந்தப் பக்கம் நிக்குதுங்கறதும் கணக்கு, அத லேசா திருப்பி மாட்டினாலே சில பாக்கெட் ஒழுங்கா விழும்.

ஊர்ச் சரக்கு ஏத்தணும்னு ஆசைப்பட்டா கோவில்பட்டி கடலைமிட்டாய் அருமையா ஓடும், தட்டையா கெட்டியா இருக்கும், மார்ஜினும் பெரிய கம்பெனி சரக்க விட நல்லாருக்கும், பாக்கெட்ல எம்ஆர்பி, தயாரிச்ச தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் அச்சடிச்சிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. மணப்பாறை முறுக்க மட்டும் மேல் தட்டுல வச்சிராதீங்க, நாலடி உயரத்துல இருந்து விழுந்து வெளிய வரும்போது மாவாத்தான் வரும். கூல் டிரிங்க்ஸ் பாட்டில் எப்பவும் கடைசி தட்டு, மேல இருந்து விழுந்தா மூடி திறந்ததும் பொங்கி சட்டையெல்லாம் ஆகும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது.

மிஷின சுவத்தோட போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்க. சரக்கோட சேத்து 300 கிலோ வரும், தொங்கற பாக்கெட்டுக்காக நாலு பசங்க சேந்து ஆட்டுவாங்க. அமெரிக்கால இப்படி ஆட்டி மேல சாஞ்சு செத்தவங்களே நிறைய பேரு, அதுக்கப்புறம்தான் அங்க எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிச்சாங்க.

லேப்_இன்சார்ஜ்

ஆட்டாம இருப்பாங்களா, எங்க பசங்க பஸ்ஸையே ஆட்டுவாங்க. போல்ட் கண்டிப்பா போட்டுடறோம். காபி மிஷின் சேத்து வைக்கலாமான்னு ஹாஸ்டல்ல ஒரு பேச்சு இருக்கு, அது?

ஸ்பிரிங்_சுத்தறவன்

பிரீமிக்ஸ் காபி மிஷின் வச்சா தினமும் கழுவ ஆள் வேணுமுங்க, தினமும்னா தினமும். பால் பவுடரும் சுடுதண்ணியும் கலக்கற கிண்ணம் ஒண்ணு உள்ள இருக்கும், ரெண்டு நாள் விட்டீங்கன்னா ஓரத்துல மஞ்சளா பொருக்கு கட்டும், அப்புறம் எறும்பு, அப்புறம் கரப்பான். பசங்க கப்புல எறும்பு மிதக்கற போட்டோ ஒண்ணு குரூப்ல வந்துச்சுன்னா முடிஞ்சுது. கப்பு வேற பிரச்சனை, 2019 ஜனவரில இருந்து தமிழ்நாட்ல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் தடைல இருக்கு, ஊர் பூரா ஓடுதுங்கறது வேற விஷயம், காலேஜ் பேர்ல ஓட வேண்டாமுங்க. அவங்கவங்க டம்ளர் கொண்டு வரட்டும்.

எந்த அக்ரிமென்ட்டுன்னு கேட்டிருந்தீங்கல்ல, நானா இருந்தா விலைக்கு வாங்க மாட்டேன். செமஸ்டர் லீவு, ஸ்டடி ஹாலிடேஸ், பொங்கல், தீபாவளின்னு வருஷத்துல நாலு மாசம் கிட்ட ஹாஸ்டல் காலியாத்தான் கிடக்கும், அப்ப உள்ள இருக்கற சரக்கு டேட் முடிஞ்சு போகும், அந்த நஷ்டம் யாரு தலைலன்னு பாக்கணும். கம்பெனிக்காரங்களே வைக்கட்டும், 3 வருஷத்துக்கு பதிலா ஒரு வருஷம் போடுங்க, ரெண்டு பக்கமும் ஒரு மாச நோட்டீஸ்ல விலகிக்கலாம்னு எழுதுங்க. 5 பர்சென்ட் பத்தி ரொம்ப மல்லுக்கட்டாதீங்க, ஒரு நாளைக்கு 60 பாக்கெட் 20 ரூபாய்க்குப் போனா மொத்தம் 1,200, அதுல உங்க பங்கு 60 ரூபா. ஃப்ரிட்ஜ் உள்ள மிஷின் நாளைக்கு அஞ்சாறு யூனிட் இழுக்கும், கரன்ட்டுக்கே அந்தக் காசு சரியாப் போயிரும். அதுக்கு பதிலா சப் மீட்டர் வச்சு கரன்ட் பில்ல அவங்களையே கட்டச் சொல்லுங்க, பங்க விட்டுக் குடுத்துருங்க, அதுக்கு ஈடா பத்து ரூபா சரக்கு ரெண்டு தட்டு கண்டிப்பா இருக்கணும், ரிப்பேர்னா இத்தன மணி நேரத்துல ஆள் வரணும்னு கேட்டு வாங்குங்க. பசங்களுக்கு அதுதான் உபயோகம்.

லேப்_இன்சார்ஜ்

இது நல்ல யோசனை, இதையே நோட் போட்டு சேர்மனுக்கு அனுப்பறேன். முதல்ல கேர்ள்ஸ் ஹாஸ்டல்ல ஒண்ணு, பேடோட சேத்து, சாவி டெபுடி வார்டன் மேடம் கிட்ட. சாயந்தரம் மேடத்தையே சிக்னல் பாக்கச் சொன்னேன், டிவி ஹால்ல நல்லா வருதாம். ஆனா டிவி ஹால் கதவு 34 இன்ச்தான் இருக்கு, மிஷின் உள்ள போகுமா?

போர்டு_மாத்தறவன்

மிஷினோட அகலத்த விடுங்க, ஆழத்தக் கேளுங்க, பக்கவாட்டுலதான் உள்ள தள்ளுவாங்க. சில மாடல்ல முன்னாடி கண்ணாடிக் கதவ கழட்டிட்டா ரெண்டு இன்ச் கிட்ட குறையும். காலி மிஷினே 200 கிலோவுக்கு மேல இருக்கும், வாசல்ல படி இருந்தா நாலு ஆள் வேணும், கம்பெனில இருந்து ரெண்டு பேரத்தான் அனுப்புவாங்க. லோடுமேன் கூலி யாரு குடுக்கறதுன்னு முன்னாடியே பேசிக்கோங்க.